இந்த நம்பரை மாற்றிவிடவா?

இங்கே குன்னூரில் பனி இன்னும் விடவில்லை. காலையில் வெயில் வந்த பிறகுதான் கை விரல் மடங்குகிறது. அதனால் இந்தப் பதிவை இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு வராமல் அழுத பையன். இன்று எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். மேஜை மேல் இருந்த என் போனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"டீச்சர், இன்னுமா பி.எஸ்.என்.எல். வச்சிருக்கீங்க? நம்பர் மாறாமலே வேற கம்பெனிக்குப் போயிடலாம். நானே போர்ட் பண்ணித் தரட்டுமா?"

"என்னடா அவசரம்? பேச்சு நல்லாத்தானே கேக்குது" என்றேன்.

"அது முடிஞ்சுபோன கம்பெனி டீச்சர். பழைய கம்பெனி புதுசா மாறவே மாறாது. நானே பார்த்திருக்கேன்" என்றான்.

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் 'பழைய கம்பெனி புதுசா மாறவே மாறாது' என்ற பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. நீலகிரியில் இருக்கிற நமக்கு அது வெறும் பேச்சு இல்லை, கண்ணால் பார்த்தது. அவனுக்கு நான் தர வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை.

உதகையில் இந்து நகர் என்று ஒரு இடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்காக உருவான இடம். 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 1967-ல் உற்பத்தி ஆரம்பம். தூசி இல்லாத காற்று, குளிர்ச்சி, நல்ல தண்ணீர் எல்லாம் பார்த்துத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் இங்கிருந்து நாடு முழுக்கப் போயின. ஒரு காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். "பிலிம் பாக்டரியில் வேலை" என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள்.

அது ஏன் விழுந்தது? பழைய இயந்திரத்தையே பிடித்துக்கொண்டு தூங்கியதால் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கலர் பிலிம் வந்தபோது அதைச் சொந்தமாகத் தயாரிக்கும் இடத்துக்கு அவர்கள் வந்து சேரவில்லை என்பது சரி. ஆனால் புதுசாக மாற முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கி, பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்காகப் பெரிய ஆலையே கட்டினார்கள். கடன் வாங்கித்தான் கட்டினார்கள். வேலை இழுத்தது, செலவு ஏறியது, வட்டி குட்டி போட்டது. இதற்கு நடுவில் 1991-க்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக உள்ளே வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு டிஜிட்டல் கேமராவும் டிஜிட்டல் எக்ஸ்ரேயும் வந்து, பிலிம் என்ற பொருளுக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டன. 2014-ல் மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள் என்னிடமும் சிலர் படித்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு டி.சி. எழுதிக் கொடுத்த கை இது.

அமெரிக்காவின் கோடாக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். டிஜிட்டல் கேமராவை 1975-ல் செய்து பார்த்ததே கோடாக்கின் சொந்தப் பொறியாளர்தான். அந்தக் கோடாக்கே 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. ஜப்பானின் பியூஜி பிலிம் மட்டும் பிலிம் செய்யப் பழகிய ரசாயன அறிவை மருந்துக்கும் அழகுசாதனப் பொருளுக்கும் திருப்பிப் பிழைத்துக்கொண்டது.

பையன் "நானே பார்த்திருக்கேன்" என்று சொன்னது நோவெல் என்ற அமெரிக்கக் கம்பெனியை. எனக்கு அது புதுசு. இரண்டு நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, விவரமாகச் சொல்லச் சொன்னேன். தொண்ணூறுகளில் ஒரு ஆபீசில் பத்து கம்ப்யூட்டர் இருந்தால், எல்லாவற்றையும் இணைத்து ஒரே பிரிண்டரையும் ஒரே பைலையும் பகிர்ந்துகொள்ள ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு நோவெலின் நெட்வேர்தான் ராஜா. நம் நாட்டு ஆபீஸ்களிலும் அது இருந்தது. அப்புறம் மைக்ரோசாப்ட், அந்த இணைக்கிற வேலையைத் தன் விண்டோஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. தனியாகக் காசு கொடுத்து நெட்வேர் வாங்க வேண்டிய அவசியம் குறைந்துபோனது. நோவெல் சும்மா இருக்கவில்லை. 1994-ல் வேர்டுபெர்பெக்ட்டை வாங்கியது, இரண்டே வருடத்தில் விற்றது. பிறகு சூசே என்ற லினக்ஸ் கம்பெனியை வாங்கியது. கடைசியில் 2011-ல் தன்னையே இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. "நெட்வேர் மோசம்னு யாரும் சொல்லல டீச்சர். அது செஞ்ச வேலை மத்ததோட சும்மாவே கிடைச்சது, அவ்வளவுதான்" என்றான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நம்ம ஊர் பிலிம் ஆலை, அமெரிக்க நோவெல், நம் பி.எஸ்.என்.எல். மூன்றுக்கும் வந்த நோய் ஒன்றுதான். அவர்கள் விற்ற பொருளே இலவசமாகிவிட்டது. டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்க பிலிம் செலவு இல்லை. விண்டோஸோடு நெட்வொர்க் சேர்ந்து வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது போன் பேச்சும் இலவசம் என்றார்கள்.

ஆகவே "புதுசா மாறுமா" என்பதை விட, விற்ற பொருள் இலவசமான பிறகு அவர்கள் கையில் வேறு என்ன மிஞ்சுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பிலிம் ஆலையின் கையில் பிலிமைத் தவிர வேறு எதுவும் இல்லை. பி.எஸ்.என்.எல். கையில் என்ன இருக்கிறது?

அதைச் சொல்லும் முன் அதன் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என் நம்பரின் மேல் உள்ள பாசத்தில் மழுப்பினால் ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

2000 அக்டோபர் 1-ல் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிரிந்து கம்பெனியானது. 2002-ல் மொபைல் சேவை தொடங்கியது. சிம்கார்டுக்கு வரிசையில் நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? நானும் நின்று வாங்கியதுதான் இந்த நம்பர். அப்படித் தேடி வந்த கூட்டத்தைத் தக்கவைக்கக் கருவி வேண்டும், கோபுரம் வேண்டும். 9.3 கோடி இணைப்புக்கான பெரிய டெண்டர் ஒன்று போட்டார்கள். சர்ச்சைகளுக்குப் பிறகு 2010-ல் அது ரத்தானது. அதே 2010-ல் தனியார் ஏலத்தில் கேட்ட விலையை வைத்து அலைக்கற்றைக்காக இவர்களிடமிருந்து சுமார் 18,500 கோடி ரூபாயை அரசு வாங்கிக்கொண்டது. கையில் இருந்த காசும் போயிற்று, கருவியும் வரவில்லை.

நம் நாட்டில் 4ஜி முதலில் வந்தது 2012-ல். பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை தர அரசு முடிவெடுத்ததோ 2019 அக்டோபரில். 2020-ல் போட்ட 4ஜி டெண்டரும் ரத்து. வெளிநாட்டுக் கருவி வேண்டாம், உள்நாட்டில் செய்ததைத்தான் வாங்க வேண்டும் என்று முடிவானது. நாடு முழுக்க முறையாகத் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27 அன்று. ஆசிரியை கணக்கில் சொன்னால், 2012 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2024-ல் பிளஸ் டூ முடித்துவிட்டுப் போய்விட்டது. அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் இவர்கள் பாடப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் நிறுவனத்தின் சோம்பல் எவ்வளவு, மேலே உட்கார்ந்து முடிவெடுக்காமல் இழுத்தவர்களின் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். என் கணக்கில் பின்னதுதான் அதிகம். கையைக் கட்டி ஆற்றில் விட்டுவிட்டு நீச்சல் தெரியவில்லை என்று திட்டுவது நியாயமா?

சரி, மிஞ்சுவது என்ன என்று பார்ப்போம்.

மிஞ்சுவது, யாரும் போகாத இடத்துக்குப் போகிற பழக்கம். எஸ்டேட் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைச் சரிவில் இருநூறு குடும்பம் இருக்கிற ஒரு லயனுக்காகக் கோபுரம் வைத்தால் எந்த வியாபாரிக்கும் கட்டுபடியாகாது. கோபுரத்துக்கு ரோடு வேண்டும், கரண்ட் வேண்டும், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் டீசல் சுமந்துகொண்டு ஆள் போக வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவது இன்னொரு பக்கம். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் எந்தக் கம்பெனியின் சிக்னலும் எட்டாது. ஒரு பெண் குழந்தை, அப்பா வேலை முடிந்து வந்த பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏறிப் போகும். அங்கே மட்டும் இரண்டு கட்டம் சிக்னல் வரும். பொழுது சாய்கிற நேரம், காட்டெருமை இறங்குகிற நேரம். "வீட்டுப்பாடம் அனுப்பிட்டேன் டீச்சர்" என்று செய்தி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்காது, வயிற்றைக் கலக்கும். "இனிமே வராதே சாமி, பாடம் போனாப் போகுது" என்று நானே சொன்னேன். ஒரு டீச்சர் வாயால் சொல்லக் கூடாத வார்த்தை அது. இன்றும் நினைத்தால் உறுத்துகிறது.

அந்தப் பாறையை எந்தக் கம்பெனியின் லாபக் கணக்கு எட்டும்? இதற்குத்தான் பொது நிறுவனம் வேண்டும் என்கிறேன். சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022-ல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, அரசு அந்த வேலையை பி.எஸ்.என்.எல்.லிடம்தான் கொடுத்தது.

பக்கத்து வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியலில் நடந்ததை மறக்க முடியுமா? கூடலூர், பந்தலூரில் நமக்குச் சொந்தங்கள் இருப்பதால் அன்று முழுக்க டி.வி. முன்னால்தான் இருந்தோம். சூரல்மலையில் கரண்ட் போன பிறகும் பி.எஸ்.என்.எல். கோபுரத்தை ஜெனரேட்டரில் ஓட வைத்து, மீட்பு வேலைக்காக அவசர அவசரமாக 4ஜியும் கொடுத்தார்கள். நம் மாவட்டத்திலும் 2009 நவம்பர் மண்சரிவு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை, எல்லாம் பார்த்தவர்கள் நாம். 2009-ல் எங்கள் தெருவில் அறுந்த கம்பியைக் கட்ட, தலையில் சாக்கு போட்டுக்கொண்டு மழையோடு வந்த லைன்மேனுக்கு என் அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது, போட்டியில் ஒரு ஆள் கூட இருப்பது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றியபோது என்ன நடந்தது? அந்த ஒரே மாதத்தில் ஏறக்குறைய 29 லட்சம் பேர் பி.எஸ்.என்.எல். பக்கம் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்க 4ஜி தயாராக இல்லை. நவம்பரிலேயே கூட்டம் திரும்பக் கரைய ஆரம்பித்துவிட்டது. மக்கள் வர மாட்டார்கள் என்பது பொய், வந்தார்கள். பந்தியில் உட்கார வைத்து இலை போட்டார்கள், சோறு வரவில்லை.

மூன்றாவது, நாமே செய்யக் கற்றுக்கொண்டது. 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று சி-டாட் தொடங்கியபோது, ஏ.சி. இல்லாமல் வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய சின்ன கிராம எக்ஸ்சேஞ்சை நம் பொறியாளர்களே செய்தார்கள். அதற்கப்புறம்தான் சின்ன ஊர்க் கடைத்தெருவிலும் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் வந்தது, இலங்கையில் விட்டுவந்த சொந்தங்களோடு நம் எஸ்டேட் ஜனங்கள் அதில் நின்று அழுதுகொண்டே பேசினார்கள். இன்றைய எக்ஸ்சேஞ்ச் முழுக்க மென்பொருள். இப்போதைய 4ஜிக்கு நடுமூளை மாதிரி இருக்கிற மென்பொருள் அதே சி-டாட் செய்தது. கோபுரக் கருவி தேஜஸ் நிறுவனம் செய்தது, எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தது டி.சி.எஸ். இதே கருவியைப் பெரும்பாலும் மென்பொருள் மாற்றத்தாலேயே 5ஜிக்குக் கொண்டுபோகலாம் என்கிறார்கள். தாமதத்துக்கு இது நாம் கொடுத்த விலை என்றால், கையில் ஒரு தொழிலாவது மிஞ்சியிருக்கிறது. பிலிம் ஆலை கடன் வாங்கிக் கட்டியது அடுத்தவர் தொழில்நுட்பத்தை. அந்த வித்தியாசம் சின்னதில்லை.

இங்கே பையன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. "2019-ல் 69,000 கோடி, 2022-ல் 1.64 லட்சம் கோடி, 2023-ல் 89,000 கோடி. கூட்டுங்க டீச்சர், 3.22 லட்சம் கோடி. இதுல எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம்?"

கூட்டல் சரிதான். ஆனால் இதில் பெரும் பகுதி கையில் எண்ணிக் கொடுத்த பணம் இல்லை. அரசு தன்னிடம் உள்ள அலைக்கற்றையைத் தன் நிறுவனத்துக்கே கொடுத்து எழுதிய கணக்கும் அதில் அடக்கம். அப்படியும் அது நம் சொத்துதான். கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 262 கோடி லாபம் வந்தபோது, 2007-க்குப் பிறகு முதல் காலாண்டு லாபம் என்று கொண்டாடினார்கள். அடுத்த காலாண்டிலும் 280 கோடி லாபம். ஆனால் அந்த நிதியாண்டு முழுக்கச் சேர்த்தால் இரண்டாயிரம் கோடிக்கு மேல் நஷ்டம்தான். ஒரு மிட்-டேர்ம் தேர்வில் பாஸ் ஆனதற்காக முழுப் பரீட்சை பாஸ் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே என் முடிவு இது. பி.எஸ்.என்.எல். பிழைக்கும். ஆனால் மூன்று காரியம் நடந்தால்தான்.

ஒன்று, தாமதம் திரும்பக் கூடாது. தனியார் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபரில். இவர்களின் 5ஜியும் பதின்மூன்று வருடம் கழித்து வருமானால், இன்று செலவழித்த அத்தனையும் இந்து நகர்ப் புது ஆலை மாதிரி ஆகிவிடும். கட்டி முடிப்பதற்குள் ஊர் வேறு பக்கம் போயிருக்கும்.

இரண்டு, ஆள் வேண்டும். 2020 ஜனவரி 31-ல் ஒரே நாளில் சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். ஏறக்குறைய பாதிக் கம்பெனி. சம்பளச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் எந்த மரத்தடியில் எந்தக் கேபிள் போகிறது என்று தெரிந்த அறிவும் அவர்களோடு போனது. புதுக் கருவி வாங்கினால் போதாது. கருவி நின்றால் மழையில் மேலே ஏறிப் போகிற ஆள் நிரந்தரமாக இருக்க வேண்டும். நம் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததையும், பழுதானபோது பார்க்க ஆள் இல்லாமல் அதில் துணி போட்டு மூடி வைத்ததையும் பார்த்தவள் நான்.

மூன்று, எங்கே போட்டி போடுவது என்று தெளிவு வேண்டும். சென்னை தி.நகரில் ஜியோவோடும் ஏர்டெல்லோடும் வேகப் பந்தயம் ஓடி ஜெயிக்கத் தேவையில்லை. இன்று மொபைல் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர்தான் இவர்களிடம் இருக்கிறார்கள். மலை, காடு, தீவு, எல்லை, எஸ்டேட் என்று மற்றவர் வராத இடத்தில் முதல் ஆளாக, நம்பகமான ஆளாக நின்றால் போதும். எல்லா ஊரிலும் நியாயமான விலைக்கு ஒரு மாற்று இருக்கிறது என்ற நிலை இருந்தால் போதும். அந்த வேலைக்கு ஆகிற நஷ்டத்தை நஷ்டம் என்று எழுதாமல், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செய்கிற செலவு மாதிரி அரசு வெளிப்படையாகக் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். மீதி வேலையில் லாபம் காட்டச் சொல்லிக் கறாராகக் கேட்கவும் வேண்டும்.

பாவம் பார்த்து இந்தக் கம்பெனியைத் தாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பாவம் பார்த்து மார்க் போட்ட பிள்ளை எதுவும் உருப்பட்டதில்லை என்பது என் அனுபவம். பாடத்தை நேரத்துக்கு நடத்திவிட்டு, அப்புறம் கண்டிப்பாகப் பேப்பர் திருத்துங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் நம்பர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாற்றவில்லை தம்பி. மாற்றமாட்டேன் என்று சபதமும் செய்யவில்லை. என் போனில் இரண்டு சிம் போடலாம். உன் பேச்சைக் கேட்டு இரண்டாவது இடத்தில் வேறொரு கம்பெனி சிம்மும் போட்டுவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு நீ வரும்போது, நாம் இரண்டு பேரும் அந்தப் பாறை இருக்கிற லயனுக்குப் போவோம். கீழே, அந்தப் பிள்ளை இருந்த வீட்டு வாசலில் நின்று இரண்டு சிம்மிலும் உன் நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். எது அடிக்கிறதோ அதற்கு என் ஓட்டு.

எஸ்டேட் பக்கம் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் லயனில் இப்போது எந்தச் சிக்னல் எட்டுகிறது, வீட்டுக்குள்ளேயா, வெளியே வந்தால்தானா என்று எழுதுங்கள். நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்